இரண்டு பி.எஸ்.சி.க்கு நடுவே

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கல்லூரிப் பையன் ஒருவனை நிறுத்தி, “பி.எஸ்.சி.யா?” என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று சொல்ல முடியாது. அவன் படிக்கும் பட்டத்தைச் சொல்லலாம். எழுதப்போகும் பரீட்சையையும் சொல்லலாம். தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. என்று நீட்டிச் சொல்லும் வசதி இருக்கிறது. கேரளத்தில் அரசுப் பணித் தேர்வாணையம் வெறும் பி.எஸ்.சி.தான். பட்டத்துக்கும் பரீட்சைக்கும் காதில் விழுவது ஏறக்குறைய ஒரே சத்தம். பாலக்காடு, இடுக்கி எல்லையோரத் தமிழ் வீடுகளில் இந்த இரண்டாவது பி.எஸ்.சி.தான் மூத்தது. பிள்ளை கல்லூரியில் காலெடுத்து வைக்கும் முன்பே அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

‘முதலாண்டு மாணவர்களிடம் இலட்சியம் இல்லை, எந்தத் துறை, என்ன வேலை என்று கேட்டால் விழிக்கிறார்கள்’ என்பது எல்லா ஊர் ஆசிரியர்களும் சொல்லும் குறை. எல்லையோரப் பிள்ளைகளைப் பற்றி இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்வார்கள். அருகில் போய்ப் பார்த்தால் விஷயம் வேறு. அந்தப் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ், எந்தச் சான்றிதழ் எந்தத் தாலுகா ஆபீஸில் கிடைக்கும், எந்த மாநிலத்துப் பட்டம் எந்த மாநிலத்தில் செல்லும், பட்டம் வாங்கினால் எந்தக் கதவு திறக்கும், எது அடைபடும் என்று நீளும் கணக்கு அது.

ஆமாம், பட்டம் வாங்கினால் அடைபடும் கதவும் ஒன்று உண்டு. கேரள பி.எஸ்.சி. நடத்தும் தேர்வுகளில் கூட்டம் அலைமோதும் ஒன்று ‘லாஸ்ட் கிரேடு சர்வன்ட்’ எனப்படும் கடைநிலை ஊழியர் தேர்வு. அதற்குக் கல்வித் தகுதி ஏழாம் வகுப்புத் தேர்ச்சி. கூடவே இன்னொரு நிபந்தனை: பட்டம் பெற்றவர்கள் விண்ணப்பிக்கக் கூடாது. குறைவாகப் படித்தவர்களுக்கான வேலையைப் பட்டதாரிகள் அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்ற நியாயமான எண்ணத்தில் வந்த விதி. ஆனால், எஸ்டேட் லயம் எனும் வரிசை வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பிள்ளைக்கு இது என்ன சொல்கிறது? மூன்று வருஷம் முட்டி மோதிப் படித்து முடித்தால், அரசாங்க வேலையின் ஆகக் கீழ்ப்படி எட்டாமல் போகும். மேல்படி எட்டுமா என்பது தெரியாது. கடைசி செமஸ்டரில் ஒரு பேப்பரைப் பாக்கி வைத்திருப்பவன் எல்லாரும் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாத ஊர் இது.

மேல்படியின் நிலவரத்தைப் பார்ப்போம். 2023-24ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களிடையே வேலையின்மை நாடு முழுவதற்கும் 10.2 சதவீதம். கேரளத்தில் 29.9. கேரள இளம்பெண்களை மட்டும் எடுத்தால் 47.1. படிப்பறிவில் முதலிடம் என்று புகழப்படும் மாநிலத்தின் மறுபக்கம் இது. மலையாளக் குடும்பங்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன: விமானம். 2018-ல் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரமாக இருந்த, வெளிநாடு போன கேரள மாணவர்களின் எண்ணிக்கை 2023-ல் இரண்டரை லட்சத்தைத் தொட்டது என்கிறது கேரள இடப்பெயர்வு ஆய்வு. கனடாவும் பிரிட்டனும் ஜெர்மனியும் கோட்டயத்து வீடுகளில் பக்கத்து ஊர்போலப் பேசப்படுகின்றன. வீட்டையோ நிலத்தையோ ஈடு வைத்து வங்கியில் கல்விக் கடன் வாங்குகிறார்கள். லயத்தில் இருப்பவருக்கு ஈடு வைக்க என்ன இருக்கிறது? வீடே கம்பெனியுடையது.

வீடு போகும் பாதை

மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு, பீர்மேடு வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் நீளவாக்கில் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளுக்கு ‘லயம்’ என்று பெயர். வேலை இருக்கும்வரை வீடு. அம்மாவோ அப்பாவோ ஓய்வு பெற்றால், குடும்பத்தில் இன்னொருவர் தோட்டத்தில் பெயர் பதிந்தால்தான் அதே கூரையின் கீழ் தொடரலாம். இல்லையென்றால் சாமான்களைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். எங்கே இறங்குவது? சங்கரன்கோவில், தென்காசி, தேனி, திண்டுக்கல் பக்கம் ‘சொந்த ஊர்’ என்று ஒன்று பேச்சில் இருக்கும். அங்கே போய் இரண்டு தலைமுறை ஆகியிருக்கும்.

ஆகவே மூணாறில் ஒரு பெண் பி.காம். முதலாண்டு சேர்கிறாள் என்றால், அது அவளுடைய சேர்க்கை மட்டுமல்ல. தோட்டத்தில் பெயர் பதிய அந்த வீட்டில் ஓர் ஆள் குறைகிறது என்றும் அதற்குப் பொருள். அண்ணன் ஏற்கெனவே திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ போயிருந்தால், அம்மாவின் ஓய்வுத் தேதியும் மகளின் கடைசி செமஸ்டர் தேதியும் ஒன்றையொன்று துரத்த ஆரம்பிக்கும். ‘உனக்கு என்ன ஆகணும்னு ஆசை?’ என்று வழிகாட்டல் வகுப்பில் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ‘வீட்ல அம்மாவுக்கு எத்தனை வருஷம் பாக்கி?’

தாய்மார்களுக்கோ இந்த விஷயத்தில் குழப்பமே கிடையாது. பிள்ளை கொழுந்துக் கூடையைத் தூக்கக் கூடாது, அவ்வளவுதான். 2015 செப்டம்பரில் மூணாறு நகரையே நிறுத்திவைத்த ‘பெம்பிளை ஒருமை’ போராட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளி வைத்துவிட்டுத் தோட்டப் பெண்கள் தாங்களே நடத்திய மறியல் அது. கேட்டது 20 சதவீத போனஸும் நாளுக்கு 500 ரூபாய் கூலியும். அன்றைய கூலி 232 ரூபாய். போனஸ் கிடைத்தது. கூலி, பின்னர் நடந்த பேச்சுவார்த்தையில் 301 ரூபாயில் நின்றது. லிசி சன்னி, கோமதி, ராஜேஸ்வரி ஆகிய பெயர்களை அன்றைக்குத் தொலைக்காட்சி பார்த்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அந்தச் சமயம் எட்டு வயதாயிருந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு 2025-ல் பதினெட்டு. கல்லூரி முதலாண்டு பெஞ்சில் உட்காரும் வயது. 500 ரூபாய்க்காகத் தாய்மார்கள் சாலையில் உட்கார்ந்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறையிடம் ‘பிடித்த வேலையைத் தேடு’ என்று சொன்னால், அது வேறு யாருக்கோ சொன்னதுபோல் கேட்பார்கள்.

அவர்கள் உட்காரும் பெஞ்சுக்கும் ஒரு கதை இருக்கிறது. மூணாறு அரசுக் கல்லூரி 1995-ல் தொடங்கப்பட்டது. தமிழ் இலக்கியத்தைப் பட்டப்படிப்பாகச் சொல்லித்தரும், மலை மேலிருக்கும் அரசுக் கல்லூரி. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது மண் சரிந்து கல்லூரிக் கட்டடம் நாசமானது. பிறகு இரவல் இடங்களில் வகுப்பு நடத்த வேண்டியதாயிற்று. சொந்தக் கட்டடம் இல்லாத கல்லூரிக்கு அடுத்த ஆண்டு பிள்ளையை அனுப்பலாமா, கீழே இறக்கிவிடலாமா என்று பெற்றோர் யோசிப்பது இயல்புதானே. இரண்டு வருஷம் கழித்து, 2020 ஆகஸ்ட் 6 இரவில், ராஜமலை அருகே பெட்டிமுடியில் லயங்களின் மேல் மலை இறங்கியது. 70 பேர் போனார்கள். அதற்குப் பிறகு தோட்டத்து வீடுகளில் வேலையைப் பற்றிய பேச்சோடு இன்னொரு பேச்சும் ஒட்டிக்கொண்டது: சம்பளம் எவ்வளவு என்பதைவிட, லயத்தை விட்டு வெளியே ஒரு வீடு கட்ட அது உதவுமா?

சான்றிதழில் ஒரு தாத்தா

தோட்டத் தமிழர்களில் பெரும் பகுதியினர் பட்டியல் சாதியினர். கேரளத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு ‘இ-கிராண்ட்ஸ்’ என்ற உதவித்தொகை உண்டு. கட்டணம், விடுதிச் செலவு எல்லாம் அதற்குள் வரும். பணம் மாதக்கணக்கில் தாமதமாகிறது என்ற புகார் ஓயாமல் கேட்கிறது என்றாலும், அது இல்லாமல் படித்திருக்கவே முடியாது என்பவர்கள் ஏராளம்.

ஆனால், அதை வாங்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அங்கேதான் தாத்தா வருகிறார். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10-ல் வெளியானது. அந்தத் தேதியில் முன்னோர் கேரளப் பகுதியில் நிரந்தரமாகக் குடியிருந்திருக்க வேண்டும் என்பது அலுவலகங்கள் வைக்கும் கணக்கு. ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதித் தகுதி இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று 1990-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கங்காணி கூட்டிவந்த கூலியாள் எந்த வருஷம் மலை ஏறினார் என்பதற்கு எஸ்டேட்டின் பழைய ரிஜிஸ்டரைத் தவிர சாட்சி ஏது? கேரளத்திலேயே பிறந்து, கேரளத்திலேயே பத்தாவது வரை படித்த பதினெட்டு வயதுப் பிள்ளை, தான் பார்த்தேயிராத தாத்தாவின் பயணத் தேதியைத் தேடி அலைகிறது.

இது சாதாரண மாணவர்களின் பாடு மட்டுமல்ல. தேவிகுளம் தனித்தொகுதியில் 2021-ல் வென்று, சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்த ஆ. ராஜாவின் வழக்கை நினைத்துப் பாருங்கள். அவர் வழக்கறிஞர். பட்டியல் சாதி இடத்தில் நிற்க அவருக்குத் தகுதியில்லை என்று 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. மதம், முன்னோர் குடியேறிய காலம் எல்லாம் அந்த வழக்கில் அலசப்பட்டன. 2025 மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி அவர் பக்கம் நின்றது. சட்டமன்ற உறுப்பினருக்கே நான்கு ஆண்டு பிடித்த விவகாரத்தை முதலாண்டு மாணவி அட்மிஷன் முடிவதற்குள் தீர்க்க வேண்டும்.

எல்லை தாண்டினால் தீருமா? பாலக்காட்டுப் பக்கம் தாண்டுவது சுலபம். கேரளப் பக்கமே கல்லூரி இல்லாமலில்லை: சித்தூர் அரசுக் கல்லூரி சோகநாசினி ஆற்றங்கரையில் 1947-ல் தொடங்கியது. தமிழில் முதுகலை வரை படிக்கலாம். இருந்தாலும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பிள்ளைகளுக்குப் பொள்ளாச்சியும் கோவையும் பேருந்து தூரம். இடுக்கியிலும் அப்படித்தான். மறையூர், காந்தலூர்க்காரர்களுக்குச் சின்னாறு வழியே உடுமலை. பூப்பாறை, சூரியநெல்லிக்காரர்களுக்குப் போடிமெட்டு இறங்கினால் போடி. அங்கே ஏலக்காய்த் தோட்ட முதலாளிகளின் சங்கம் நிறுவிய கல்லூரியே இருக்கிறது. சி.பி.ஏ. கல்லூரி என்பதன் விரிவிலேயே ஏலக்காய் மணக்கும். மேலே அம்மா ஏலம் பறிக்க, கீழே ஏலத்தின் பெயரில் நடக்கும் கல்லூரியில் பிள்ளை படிக்கும் விசித்திரம் இந்த மலையடிவாரத்தில் மட்டும்தான் நடக்கும்.

தாண்டியவர்களுக்கு மொழி லேசாகிறது. மற்றது லேசாவதில்லை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்டில் கோவையிலும் தொடங்கின. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும் என்பது விதி. கொழிஞ்சாம்பாறை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டுப் பொள்ளாச்சி கல்லூரிக்கு வந்த பெண்ணுக்கு அந்த ஆயிரம் கிடையாது. பக்கத்து பெஞ்சுத் தோழிக்கு மாதாமாதம் வரும். தமிழ் ஒன்று, அரசுப் பள்ளியும் ஒன்று; அரசு வேறு. பட்டத்தோடு மலை ஏறித் திரும்பினாலோ, வெளி மாநிலப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று கேட்கும் இடங்களும் உண்டு. கேரளத்தில் ‘பாண்டி’ என்பார்கள். தமிழ்நாட்டுக்குப் போனால் ‘மலையாளத்துப் பிள்ளை’. ஏச்சையும் எல்லை பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

தமிழ் சோறு போடுமா?

போடும், ஒரு குறுகலான வாசல் வழியாக. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களுக்கென்று ‘தமிழும் மலையாளமும் தெரிந்த கிளார்க்’ பதவிக்கு பி.எஸ்.சி. தனியாகவே அறிவிப்பு வெளியிடுவது உண்டு. தமிழ்வழித் தொடக்கப் பள்ளி ஆசிரியர், உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர், தமிழ்வழிக் கணித ஆசிரியர் என்று வேறு பதவிகளும் இருக்கின்றன. பத்தாம் வகுப்புத் தரத் தேர்வுகளில் வினாத்தாளைத் தமிழில் கேட்டு வாங்கலாம். வேலைக்குச் சேர்ந்த பிறகு, மலையாளம் படித்திராதவர்கள் தகுதிகாண் காலம் முடிவதற்குள் மலையாளத் தேர்வில் தேற வேண்டும். மொத்த இடங்கள் கொஞ்சம். ஆனால் போட்டியிடுபவர்களும் மாநிலம் முழுவதிலிருந்தும் வருவதில்லை. பி.ஏ. தமிழ் சேர்ந்த பிள்ளையைப் பார்த்து ‘வேற சீட் கிடைக்கலையா?’ என்று பரிதாபப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை அறியாதவர்கள். எல்லையோரத்தில் தமிழ்ப் பட்டம் என்பது, தமிழ்நாட்டில் அதற்கு இருக்கும் மதிப்பிலிருந்து கொஞ்சம் வேறுபட்ட சரக்கு. அதை முதலாண்டிலேயே புரிந்துகொண்டு பி.எட்., கே-டெட் எனும் கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு என்று அடுத்தடுத்த படிகளை எண்ணி வைத்திருப்பவர்களை ‘இலட்சியமில்லாதவர்கள்’ பட்டியலில் சேர்ப்பது பெரிய அநியாயம்.

குமுளிப் பக்கத்து ஏலத்தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகளைப் பற்றிச் சில வருஷங்களுக்கு முன்பு கேரளப் பத்திரிகைகள் விரிவாக எழுதின. விடுமுறை நாட்களில் தானும் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டே கணிதம் படித்தவர். பட்டப் படிப்புக்குத் திருவனந்தபுரம் போனபோது சரளமாக மலையாளம் வராது. கேலிக்கு ஆளானதையும், படிப்பை விட்டுவிடலாமா என்று நினைத்ததையும் அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். விடவில்லை. பி.எஸ்.சி. தேர்வெழுதி, பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை ஆனார். அன்றைய ஆளுநர் ஆரிப் முகமது கான் அவர் வீடு தேடிப் போய்ப் பாராட்டினார். பாராட்டு நல்ல விஷயம்தான். செய்தி படித்தவர்கள் தங்கிப் பார்க்க வேண்டிய இடம் அந்த முதலாண்டு விடுதி அறை. கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பெண், பாடம் கடினம் என்பதற்காக அல்ல, சாப்பாட்டு மேசையில் பேச வாய் வராததற்காகப் படிப்பை விட்டிருக்கக்கூடிய அறை அது.

எல்லாக் கதையும் அப்படி முடியவில்லை. வட்டவடை, கொட்டகொம்பூர்த் தமிழ் விவசாயக் குடும்பத்திலிருந்து எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரிக்கு வேதியியல் படிக்கப் போன அபிமன்யு, 2018 ஜூலை 2-ல் வளாகத்தில் குத்திக் கொல்லப்பட்டார். அப்போது இரண்டாமாண்டு. அவர் தாயின் தமிழ்க் கதறலே பின்னர் மலையாளத் திரைப்படம் ஒன்றுக்குத் தலைப்பானது. வட்டவடையில் அவர் பெயரில் நூலகம் இருக்கிறது. கேரட்டும் பூண்டும் விளையும் அந்த மேட்டு ஊரில், போட்டித் தேர்வுக்குப் படிக்க நினைக்கும் பிள்ளைக்குப் புத்தகம் கிடைக்கும் இடம் அது.

இதற்கு நடுவே படிப்பின் நீளமும் மாறிவிட்டது. 2024 ஜூலை 1-ல் கேரளம் நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 133 கிரெடிட் சேர்த்து மூன்றாண்டில் பட்டத்தோடு வெளியேறலாம். 177 சேர்த்தால் நான்காம் ஆண்டு முடிவில் ஆனர்ஸ். 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை ஓராண்டில் சான்றிதழ், ஈராண்டில் டிப்ளமோ என்று நடுவழி இறங்குமிடங்களை வைத்திருக்கிறது. கேரளம் அதை ஏற்கவில்லை. மூன்றாண்டுக்கு முன் இறங்கினால் கையில் பட்டயமும் இல்லை. பாதியில் நிறுத்துவதை அரசே எளிதாக்கக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. முதல் வருஷத்தோடு தோட்டத்துக்குத் திரும்ப வேண்டிய பெண்ணின் பக்கம் நின்று பார்த்தால், அந்த நியாயம் கொஞ்சம் குளிர்ந்துபோகிறது. விருப்பப்படி மேஜர், மைனர் தேர்ந்தெடுக்கலாம் என்ற சுதந்திரமும் நகரத்துப் பெரிய கல்லூரிக்குத்தான் முழுதாகப் பொருந்தும். நாலைந்து துறைகளே உள்ள மலைக் கல்லூரியில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

பாலக்காட்டுப் பக்கம் இன்னொரு காற்றும் அடிக்கிறது. 2015-ல் தொடங்கிய ஐ.ஐ.டி. கஞ்சிக்கோட்டில் நிலையான வளாகத்தோடு நிற்கிறது. அதே பாலக்காட்டு வட்டாரத்தில் 1,710 ஏக்கரில், 3,806 கோடி ரூபாயில் தொழில் நகரம் அமைக்க மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் தந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேல் வேலை என்கிறார்கள். வாளையார்ச் சாலையில் தினமும் பேருந்தில் போகும் பி.காம். மாணவனுக்கு அந்த வளாகங்களின் வேலிகள் எல்லாம் பழக்கம். வேலிக்கு உள்ளே என்ன படித்தவனை எடுப்பார்கள் என்பதை அவனுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. ஆகவே அவன் பையில் இருப்பது, முந்தைய ஆண்டு பி.எஸ்.சி. வினாத்தாள்களின் தொகுப்பு.

நான்காண்டுத் திட்டத்தின் முதல் அணி 2027 கோடையில் மூன்றாண்டை முடிக்கும். வெளியேறுவதா, நான்காம் ஆண்டுக்குத் தொடர்வதா என்று அப்போது எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குள் லாஸ்ட் கிரேடு அறிவிப்பு வந்தால், கடைசித் தேதி பட்டம் கைக்கு வருமுன் இருக்கிறதா, பின்னா என்று காலண்டரைப் பார்ப்பார்கள். அதே காலண்டரில், அம்மா தோட்டத்தில் கடைசியாக மஸ்டர் (வருகைப் பதிவு) கொடுக்கும் மாதத்தைச் சிலர் ஏற்கெனவே வட்டமிட்டு வைத்திருக்கிறார்கள்.